பின்விளக்கின் இருள்: அம்பாசடர் பல்பு ஹோல்டரின் துரு குறித்த ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம் 15 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பழைய அம்பாசடரின் பின்விளக்கு மூடியைக் கழற்றினால் தெரியும் பல்பு ஹோல்டரின் வாய் அவ்வளவுதான். அந்தக் காரின் பின்சீட்டில் அமர்ந்து ஆட்சி நடத்தியவர்களுக்கு வரலாறு உண்டு. அதன் என்ஜினுக்கு ரசிகர்கள் உண்டு. ஹோல்டருக்கு மட்டும் நாதியில்லை. இக்குறையைக் களைவதே கட்டுரையின் நோக்கம். இதற்காக யாரேனும் முனைவர் பட்டம் கொடுக்க முன்வந்தால் ஆய்வாளர் தடுக்கமாட்டார்.

கருதுகோள் வருமாறு: விளக்கு எரியாததற்குப் பல்பு காரணமன்று. வண்டி உரிமையாளர்கள் இதை எளிதில் ஏற்பதில்லை. பல்பை மாற்றுவார்கள், அதையும் மாற்றுவார்கள், பிறகு பல்பு விற்ற கடையை மாற்றுவார்கள். குற்றவாளி அத்தனை நேரமும் பல்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறான்.

பிரேக்குக்கு 21 வாட், பின்விளக்குக்கு 5 வாட் என இரண்டு இழைகள் ஒரே பல்பில் குடித்தனம் செய்கின்றன. மின்சாரம் வந்துசேர இரண்டுக்கும் தனித்தனி வயர் உண்டு. திரும்பிப்போக வயரே கிடையாது. பல்பின் பித்தளை அடி, ஹோல்டரின் இரும்புக் கூடு, அதைத் தாங்கும் தகடு, காரின் பாடி என்று தொட்டுத் தொட்டுத்தான் அது பேட்டரிக்குத் திரும்பவேண்டும். மெக்கானிக்குகள் எர்த் என்பது இதையே. நைந்துபோன ரப்பர் வழியாக ஒரு மழைக்காலம் உள்ளே புகுந்தால் போதும். பித்தளையும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருக்கும் இடத்தில் தேய்வது எப்போதும் இரும்புதான். சென்னை போன்ற ஊர்களில் உப்புக்காற்றும் கைகொடுக்கும். துருவுக்கோ மின்சாரத்தைக் கடத்தும் பழக்கமில்லை.

நோயின் அறிகுறிகளுள் ஒன்று கவித்துவமானது. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கும். பின்னால் வரும் லாரிக்காரர் இதற்கு என்ன பொருள்கொள்வார் என்பது தனி ஆய்வுக்குரியது. நடப்பது இதுதான்: எர்த் கிடைக்காத மின்சாரம் பக்கத்து இழைக்குள் தலைகீழாக நுழைந்து, அதன் வயர் வழியே ஓடி, வேறொரு விளக்கின் எர்த்தைப் பிடித்துக்கொள்கிறது. சொந்த வீட்டு வாசல் அடைத்திருக்கும்போது அடுத்த வீட்டு மொட்டைமாடி வழியாக இறங்கிப் போவது போல.

வழி அரைகுறையாக அடைபட்டாலும் தண்டனை கடுமையானது. இழை பல்பின் வெளிச்சம், மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில் ஏறி இறங்கும். வோல்டேஜில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் சுமார் 30 விழுக்காடு போய்விடும். "எரியுதே சார்" என்று சொல்லி அனுப்பப்படும் வண்டிகளை இக்கணக்கோடு ஒப்புநோக்குக.

தீர்வு குறித்து மூன்று பழைய பள்ளிகள் உள்ளன. மூத்தது தட்டல் பள்ளி. விளக்கை உள்ளங்கையால் ஓங்கித் தட்ட, அது எரியும். இதை மூடநம்பிக்கை என ஒதுக்குதல் தகாது. அதிர்ச்சியில் துருப்படலம் விலகி இரும்பும் பித்தளையும் சற்றுநேரம் தொட்டுக்கொள்வது மெய்யே. அடுத்த வேகத்தடை வரை இக்கோட்பாடு செல்லும். புளிப் பள்ளியினர் குத்துவிளக்குக்குச் செய்வதைப் பின்விளக்குக்கும் செய்வர். பித்தளை பளபளக்கும், ஹோல்டரில் தங்கிய புளிப்போ இரும்பை மறுபடி அரிக்கும். உப்புத்தாள் பள்ளி இவற்றினும் மேலானது. ஆனால் துருவோடு முலாமையும் தேய்த்தெடுத்துவிடுவதால் அடுத்த மழைக்கு ஹோல்டர் வெற்றுடம்போடு நிற்கும்.

இம்மூன்றையும் மறுத்து எழுவது மாற்றல் பள்ளி. ஆய்வாளர் இதைச் சார்ந்தவர். இதற்குத் தூய்மைவாதிகள் ஒரு தடை எழுப்புவர். 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூலவடிவம் குன்றாமல், பெரிய மாற்றங்களுக்கு ஆளாகாமல் இருக்கும் வண்டியே விண்டேஜ். ஹோல்டரை மாற்றினால் மூலவடிவம் கெடாதா? கெடாது. பெரிய மாற்றம் என்று விதி பெயர்சொல்லிக் குறிப்பது சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றை. ஹோல்டர் அந்தப் பட்டியலில் இல்லை. மேலும், தூய்மைவாதிகளின் வண்டி இருட்டிய பின் தெருவுக்கு வருவதில்லை என்பதால் அவர்கள் கூற்றைச் சோதிக்கவும் வழியில்லை.

கழற்றும்போது கவனம் தேவை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பருமன் கூடியது. ஆகவே பல்பைக் கழுத்தோடு இறுக்கியிருக்கும். பலம் காட்டித் திருப்பினால் கண்ணாடி கையோடு வரும், அடி உள்ளேயே தங்கும். துணி சுற்றிப் பிடித்து, உள்ளே அமுக்கி, இடப்பக்கம் திருப்புக. மிச்சத்துக்கு நோஸ் பிளையர்.

சென்னைவாசிகள் ஹோல்டருக்குப் புதுப்பேட்டை போவார்கள். "ஒரிஜினல் சார், கம்பெனி மாலு" என்று நீட்டப்படுவது உண்மையிலேயே ஒரிஜினலாக இருக்கலாம். அதிலுள்ள துருவும் ஒரிஜினல்தான். வணங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்குக. பிரேக்கும் பின்விளக்கும் சேர்ந்ததற்கு டபுள் கான்டாக்ட் என்று கேட்கவேண்டும். அந்தப் பல்பின் இரண்டு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் அது ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். மனிதனின் பிடிவாதத்தை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு. அப்படியும் முட்டித் தள்ளி மாற்றிச் செருகியவர்கள் உண்டு. அவர்களுடைய கார் சும்மா போகும்போது பிரேக் பிடிப்பதாகவும், பிரேக் பிடிக்கும்போது சும்மா போவதாகவும் ஊருக்கு அறிவிக்கும்.

ஆய்வின் முடிவு இது. புது ஹோல்டரைத் துருப்பிடித்த பழைய தகட்டிலேயே திருகினால் செலவும் வீண், மேற்கண்ட ஆராய்ச்சியும் வீண். ஹோல்டரின் கூட்டிலிருந்து தனியாக ஓர் எர்த் வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டிய இடத்தில் பாடியோடு போல்ட் போட்டு முடுக்குக. மேலே கொஞ்சம் வாசலின் தடவுக. எல்லாவற்றுக்கும் முன்னால், ஐயா, பேட்டரி டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.