நீல ஆரஞ்சும் பாலை மணலும்

கேள்வி: சிறுவயதில் படித்த ‘டின்டினும் நீல ஆரஞ்சுகளும்’ நூலை, வளைகுடாவில் பணிபுரியும் ஒருவர் இன்று மீண்டும் புரட்டினால் ஏமாறுவாரா? (சார்ஜா வாசகர்)

பதில்: டின்டின் படக்கதைகளைப் படைத்த எர்ஜேயின் ஓவியத்தைத் தேடினால் ஏமாறுவார், ஏனெனில் அது, பிலிப் கோந்த்ருவாயே இயக்கி 1964இல் வெளிவந்த திரைப்படத்தின் நிழற்படங்களோடு கதையைச் சேர்த்து அச்சிட்ட திரைப்பட நூல். டின்டினாக நடித்த ழான்-பியேர் டால்போ, ஒஸ்டெண்ட் கடற்கரையில் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்ட இளைஞர். நெற்றிக் குடுமி அவருக்குப் பொருந்தியது என்றாலும், டின்டினின் நண்பர் கேப்டன் ஹாடக்கின் வசவுகள் பேச்சுக்குமிழி இல்லாமல் பாதிச் சூட்டை இழந்துவிடுகின்றன.

கதையின் கருவோ வளைகுடா வாசகருக்கே உரியது: பாலைவனத்திலும் விளைந்து உலகின் பசியைத் தீர்க்கக்கூடிய நீலநிற ஆரஞ்சு ஒன்றுக்காகப் பேராசிரியர்கள் கடத்தப்படுகிறார்கள். ஃபலஜ் எனப்படும், நிலத்தடி நீரைச் சரிவின் வழியே தோட்டத்துக்குக் கொணரும் வாய்க்கால்முறையால், இன்றைய அமீரகத்தின் அல் ஐன் பகுதியினர் ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன்பே, எந்தப் பேராசிரியரையும் கடத்தாமல், மணலுக்கு நடுவே பயிர் வளர்த்தார்கள் என்பதைத் திரைக்கதை ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

எர்ஜே வரைந்த அரபு மண்ணையே காண விரும்புவோர் ‘கறுப்புத் தங்கத்தின் நாட்டில்’ கதையை எடுக்கலாம். பாலஸ்தீனத்தில் தொடங்கிய அக்கதையைக் கெமெத் என்ற கற்பனை அமீரகத்துக்கு முழுமையாக மாற்றிய திருத்தப் பதிப்பு, உண்மையான ஐக்கிய அரபு அமீரகம் பிறந்த 1971ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. கெமெத்துக்கு விசா இன்றும் தேவையில்லை.