திறப்பு விழா

தொலைக்கல்வியில் நூலகவியல் டிப்ளோமா படித்தேன். வீடு வெள்ளவத்தையில். பாடங்கள் தபாலில் வந்தன. மூன்றாம் மொடியூல் முதலில் வந்தது, முதலாம் மொடியூல் கடைசியில். நூல்களை வரிசைப்படுத்துவது எப்படி என்பதுதான் அதன் பாடம்.

தமிழ் மொழிமூலம் என்றார்கள். எழுத்து தமிழ்தான். வசனத்துக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.

செய்முறைக்கு ஒரு நூலகத்தில் 50 நூல்களை டூயி எண் முறையில் வகைப்படுத்த வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலைக்குப் போனேன். நூலகம் இருந்தது. மும்மொழியிலும் பெயர்ப்பலகை. உள்ளே இரண்டு கண்ணாடி அலுமாரிகள். இரண்டிலும் பூட்டு.

திறப்பு பொறுப்பாசிரியரிடம். அவர் லீவில். மற்றத் திறப்பு அதிபரின் லாச்சியில். லாச்சித் திறப்பு அதிபரிடம். அதிபர் வலயக் கூட்டத்தில். என்ன கூட்டம்? ஒக்டோபர் வருகிறதே, தேசிய வாசிப்பு மாத ஏற்பாடு.

கண்ணாடிக்கு வெளியே நின்று, முதுகைப் பார்த்தே 50 நூல்களை வகைப்படுத்தினேன். 894.811, தமிழ் இலக்கியம். உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. நல்ல புள்ளி கிடைத்தது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அலுமாரிக்கு அது தெரியாது.

ஒக்டோபரில் அலுமாரி திறந்தது. மங்கள விளக்கு, பிரதம அதிதி, பொன்னாடை, ரோல்ஸ், பற்றிஸ். வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும் என்று அதிதி முழங்கினார். தாளைப் பார்த்துத்தான் முழங்கினார். அவ்வளவுதான் அன்றைய வாசிப்பு. பந்தலுக்குக் காசு, பதாகைக்குக் காசு. நூலுக்கு? 2024 ஜனவரியில் நூல்மீதும் 18 சதவீத வற் வரி விழுந்தது. வாசி என்று பதாகை கட்டும் கைதான் வரியும் கேட்டது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பல். ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், கூரத்தான் வேண்டும். ஆனால் எரித்தவன் எதிரி என்று தெரிந்த நமக்கு, பூட்டியவன் யாரென்று கேட்க நா எழவில்லை. பூட்டியவன் நம்மாள். பொன்னாடையும் நாம் போர்த்தியதே.

2005 முதல் ‘நூலகம்’ என்னும் நிறுவனத்தார் ஈழத்து நூல்களை வருடிக் கணினியில் ஏற்றுகிறார்கள். நள்ளிரவிலும் வாசிக்கலாம். அங்கே விளக்கேற்ற ஆளில்லை, பூட்டுமில்லை.

இந்த ஒக்டோபரில் உங்களுக்கும் அழைப்பிதழ் வரும். போங்கள். விளக்கேற்றும் முன் எழுந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: நவம்பரில் திறப்பு யாரிடம் இருக்கும்?