ஆணையாளர் பேரனுக்கு அப்புவின் புத்திமதி

மோனை, பள்ளிக்கூடத்து மாணவர் பாராளுமன்றத் தேர்தலைக் கண்காணிக்கிற குழுவிலை உன்னைப் போட்டிருக்கினமாம் எண்டு கொம்மா சொன்னவ. சந்தோசம். வெள்ளவத்தையிலை நாலாம் மாடியிலை குந்திக்கொண்டு காலி வீதியைப் பாக்கிற கிழவனுக்கு இதிலை என்ன தெரியும் எண்டு நினையாதை. புள்ளடி போட்டுப்போட்டு ஏமாந்த அனுபவம் எனக்குக் கனக்க இருக்கு.

நீ எழுதின விதியளை வாசிச்சனான். ஒரு ஆளுக்கு ரெண்டு போஸ்டர், கன்ரீனிலை ரோல்ஸ் வேண்டிக் குடுக்கக் கூடாது, வாட்ஸ்அப் குறூப்பிலை மற்றவனைத் திட்டக் கூடாது. நல்லாத்தான் இருக்கு. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. கொஞ்சம் ஓட்டை விடு மோனை! இப்பவே ஒழுங்காப் பழகினால் இந்தப் பொடியள் பெரிய பாராளுமன்றத்துக்குப் போய் எப்பிடிப் பிழைக்கிறது?

பெரியாக்கள் செய்யிறதைப் பார். கண்ட இடத்திலை போஸ்டர் ஒட்டக் கூடாதெண்டு 1981ஆம் ஆண்டே பாராளுமன்றத் தேர்தல் சட்டத்திலை எழுதிப்போட்டாங்கள். அதுக்குப் பிறகும் கொட்டாஞ்சேனைச் சுவருகளிலை எத்தினை முகம் பல்லைக் காட்டிச் சிரிச்சது! ஒட்டினது ஆரெண்டு கேட்டால் வேட்பாளருக்கே தெரியாது, "ஆதரவாளர்" ஆம். ஒட்டினவன் நித்திரை. கிழிக்கிறதுக்குக் கூலிக்கு ஆள் பிடிச்சது பொலிஸ்.

பிறகு 2023இலை செலவுக்கும் ஒரு சட்டம் வந்துது. அடுத்த வருசத்து ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு வாக்காளருக்கு 109 ரூபா எண்டு கணக்குப் போட்டினம். பெருக்கிப் பார், ஒரு வேட்பாளருக்கு 186 கோடிக்கு மேலை வரும். அதுதான் கட்டுப்பாடாம்! கணக்குக் காட்ட முடிவு வந்து 21 நாள் தவணை. கதிரையிலை ஏறி இருந்துபோட்டு எழுதுற கணக்கு எப்பவும் வடிவாத்தான் இருக்கும்.

உன்னைப் போலப் படிக்கிற பொடியளின்ரை கதை வேணுமெண்டால் டில்லிக்குப் போ. லிங்டோ எண்டு முந்தித் தலைமைத் தேர்தல் ஆணையாளரா இருந்த மனிசன்ரை குழு மாணவர் தேர்தலுக்கு விதி எழுத, 2006இலை இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒரு வேட்பாளர் 5000 ரூபாவுக்கு மேலை செலவழிக்கக் கூடாது. அச்சடிச்ச போஸ்டர் கூடாது, கையாலை எழுதினது மட்டும். டில்லிப் பல்கலைக்கழகத்துப் பொடியள் என்ன செய்தவங்கள் தெரியுமோ? தங்கடை பேரையே எழுத்துப் பிழையோடை அச்சடிச்சு ஊரெல்லாம் ஒட்டினாங்கள். பிடிச்சால், "ஐயா, அது நானில்லை, என்ரை பேரிலை அந்த எழுத்தே இல்லை." (உன்ரை தமிழ் ரீச்சருக்கு இதைச் சொல்லிப்போடாதை, மனுசி மயங்கிப்போம்.)

ஆனால் 2024இலை அந்தப் பொடியளின்ரை தேர்தலிலை டில்லி உயர் நீதிமன்றம் ஒரு குறும்பு செய்தது. அபராதம், எச்சரிக்கை எண்டு இழுத்துக்கொண்டு நிக்கேல்லை. செப்ரெம்பர் 27 வாக்குப் போட விட்டுது, எண்ண மட்டும் விடேல்லை. சுவரெல்லாம் துப்புரவாக்கிப்போட்டு வாங்கோ எண்டுது. நவம்பர் 25 தான் முடிவு வந்தது. வெண்டனோ தோத்தனோ எண்டு தெரியாமல் தலைவர்மார் பிரஷ்சும் பெயின்ருமாய்த் திரிஞ்சாங்கள். தோக்கப்போறவனும் சேர்ந்தெல்லோ சுவர் துடைச்சான்!

அங்கைதான் சூட்சுமம். வெண்டவன் ஆரெண்டு அறிவிச்சாப் பிறகு அவனைக் கூப்பிட்டு "உன்ரை போஸ்டரைக் கழட்டு" எண்டு சொல்ல எந்த வாத்தியாருக்கும் வாய் வராது. நாளைக்கு மேடையிலை அவனுக்குப் பக்கத்திலை இருக்கவேணுமெல்லோ.

அதாலை, உன்ரை விதியிலை பாதியை வெட்டி எறி. வாக்குப் பெட்டித் திறப்பை ரீச்சரிட்டைக் குடு, வாளியையும் துணியையும் வேட்பாளர்மாரிட்டைக் குடு. சுவர் காய்ஞ்சாப் பிறகு எண்ணத் தொடங்கு, மோனை.