துரை பாவித்த கார்

ஊவா மாகாணத்தில் பழைய சாமான் விற்கிற ஒவ்வொருவர் கைவசமும் ஒரு துரை இருக்கிறார். பண்டாரவளையில் கால் ஆடுகிற சாய்வு நாற்காலி ஒன்றைத் தொட்டுப் பார்த்தால், அது துரை சாய்ந்தது. வெலிமடையில் ஊசி இல்லாத கிராமபோன், துரை கேட்டது. பதுளையில் ஒருவர் பீங்கான் குளியல் தொட்டியைக் காட்டி, துரை இதில்தான் குளிப்பார் என்றார். அதற்குமேல் அவர் விவரிக்காததற்கு நன்றி. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, மிச்சமிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் பெட்டி கட்டினார்கள். அவர்கள் விட்டுப்போனதாகச் சொல்லி இன்றுவரை விற்கப்பட்ட சாமானையெல்லாம் சேர்த்தால் ஒரு கப்பல் போதாது.

கார் என்றால் கேட்கவே வேண்டாம். பாவித்தவர் ஒரே துரையாக இருப்பார். சனிக்கிழமை கிளப்புக்கும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் மட்டும் ஓட்டியிருப்பார். மற்ற ஐந்து நாளும் அந்த மனுசன் மலை மலையாக நடந்தே திரிந்தார் என்று நாம் நம்ப வேண்டும்.

இதை என் மச்சான் நம்பினான். மச்சான் என்பது மனைவியின் தம்பி. பதுளை பஸார் வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பாவித்த காரெல்லாம் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் போனதைப் பார்த்து அவனுக்குள் ஒரு பொருளாதாரம் முளைத்துவிட்டது.

“பழசானா விலை கூடுது அத்தான். அப்ப ரொம்பப் பழசானா?”

ரொம்பப் பழசு ஹாலிஎலவில் இருந்தது. பேபி ஒஸ்டின், 1928 மொடல், முழுமையாகப் புதுப்பித்தது, ஒரே துரை பாவித்தது, 55 லட்சம், விலை பேசலாம். நாங்கள் போனோம். மச்சானின் அம்மா, என் அத்தையும் வந்தார். அவருக்குக் கார் தேவையில்லை. ஹாலிஎல சந்தியில் கீரை மலிவு.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பிறப்பு நிஜமாகவே நல்ல கதை. ஹெர்பர்ட் ஒஸ்டினின் கம்பனி நொடிந்துகொண்டிருந்த நேரம். சின்னக் கார் செய்வோம் என்றார். இயக்குநர் சபை வேண்டாம் என்றது. மனுசன் சபையோடு மல்லுக்கட்டாமல், ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனை வீட்டுக்குக் கூட்டிப்போய், பில்லியட்ஸ் அறையில் உட்காரவைத்து வரையச் சொன்னார். அப்படி 1922இல் வந்ததுதான் ஒஸ்டின் செவன். எஞ்சின் 747 சீசீ. பதுளையில் இன்று தெருவுக்குத் தெரு நிற்கிற ஒல்ட்டோவின் எஞ்சின்கூட 796. ஆனால் இந்தப் பொடியன் போன தூரம் அதிகம். ஜெர்மனியில் பீஎம்டபிள்யூ கம்பனி முதன்முதல் விற்ற கார், ஒஸ்டினிடம் உரிமம் வாங்கிச் செய்த இதன் பிரதிதான். இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. “அப்ப இது பீஎம்டபிள்யூவோட அப்பன்!” என்று மச்சான் சத்தமாகச் சொல்ல, முதலாளியின் முகத்தில் விலை ஏறுவது தெரிந்தது.

கார் அழகுதான், அதை மறுக்க முடியாது. கரும்பச்சை உடம்பு, கறுப்பு மட்காட், பித்தளை மினுமினுப்பு. உயரம் என் நெஞ்சளவுகூட இருக்காது போலத் தோன்றியது. புதுப்பித்த பாஸ் பக்கத்திலேயே நின்றார், துடைக்கும் துணியோடு.

“எல்லாம் ஒறிஜினலா பாஸ்?”

“எல்லாம் ஒறிஜினல் சேர். டயர் மட்டும் புதுசு.”

பிறகு மேல்கன்வஸ் புதுசு என்றார், அது துணிதானே. சீட்டுக்கு ரெக்சின் போட்டது, எலி தின்றுவிட்டதால். முன்விளக்கு ஒரு மொரிஸிலிருந்து. ரேடியேட்டர் மூடி லேத்தில் கடைந்தது. தரைப்பலகை பலா. பிஸ்டன் எதனுடையது என்பதைச் சொல்ல வாயெடுத்தவர், முதலாளி செருமியதும் நிறுத்திக்கொண்டார். அப்படியானால் எதுதான் ஒறிஜினல் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து நம்பர் பிளேட்டைக் காட்டினார். நியாயம்தான். 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகடு. ஸ்ரீக்குத் தார் பூசிய கலவரத்திலெல்லாம் மாட்டாமல் முன்கூட்டியே பிறந்து தப்பித்த கார். தகட்டிலும் பெயின்ட் இன்னும் காயவில்லை.

பிரேக்கைப் பற்றி விசாரித்தேன். அந்தக் காலத்து செவனில் காலால் மிதித்தால் இரண்டு சக்கரம் பிடிக்கும், மற்ற இரண்டுக்கும் கையால் இழுக்க வேண்டும். நாலையும் ஒன்றாகச் சேர்த்தது 1930இல்தான். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை பிரேக்கில், கால் வேறு பிரேக்கில். எதிரே பசறையிலிருந்து வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒரு தனியார் பஸ். மேற்கொண்டு நான் கற்பனை செய்யவில்லை.

“சிக்கனம் சேர்,” என்றார் முதலாளி. “2022இல பெற்றோலுக்குக் கியூஆர் வந்தப்ப காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தானே? இந்தக் காருக்கு அது முடியவே இல்ல.” ஓடாத காருக்கு எப்படி முடியும் என்று அத்தை கேட்டது அவர் காதில் விழாதது நல்லதாகப் போயிற்று.

துரைக்கு ஆதாரம் கேட்டான் மச்சான். சுவரில் மாட்டியிருந்தது ஆதாரம்: கறுப்பு வெள்ளைப் படம். தொப்பி வைத்த துரை காரின் படியில் ஒரு காலை வைத்து நிற்கிறார். காலடியில் நாய். காருக்குப் பின்னால், பாதி முகம் மறைந்து, தலைப்பாகை கட்டிய ஒருவர்.

“துரை பேரு?”

முதலாளி ஒரு பெயர் சொன்னார். நாய்க்கும் ஒன்று சொன்னார், ரெக்ஸ்.

“பின்னால நிக்கிறது?”

“அது யாரோ தோட்டத்து ஆள்.”

இதில் முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றிவந்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைகிறதே, அந்த யோசனை தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டியதைப் பார்த்து வந்தது என்று ஒரு கதை உண்டு. பார்த்த பொறியியலாளர் விமலசுரேந்திர என்று கதை சொல்கிறவர்கள் கவனமாகச் சொல்வார்கள். கங்காணி கங்காணியாகவே இருக்கிறார். 1924இல் ரயில் பதுளைக்கே வந்து சேர்ந்துவிட்டது, அவருக்கு ஒரு பெயர் வந்து சேரவில்லை.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தருகே போனார். “இவன்தான் தள்ளுறவன்,” என்றார்.

அத்தையின் அப்பா பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்தவர். துரை கார் எடுக்கிற நாளில் கவ்வாத்து மலையிலிருந்து நாலு பேரை இறக்கி வைத்திருப்பார்களாம். ஏற்றத்தில் கார் நின்றால் தள்ள. மழையென்றால் ஆறு பேர்.

அந்தக் காலத்துக் கார்களும் லேசுப்பட்டவை அல்ல. ஃபோர்ட் டீ மொடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி செய்து தள்ளினார்கள். அதற்குப் பெற்றோல் பம்ப் கிடையாது. டாங்கி பெரும்பாலும் முன்சீட்டுக்கு அடியில். எண்ணெய் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் டாங்கியில் குறைவாக இருந்தால் வழியாது. ஆகவே வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே ஏற்றுவார்கள். ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் கூட. நமுனுகுல மலைப்பக்கம் ஒரு துரையிடம் அது இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று எல்லாரையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, வாங்கியவர்கள் முகத்தைப் பார்த்தபடியே பங்களா வரைக்கும் ஏறியாக வேண்டும்.

மச்சானுக்கு வேறு கற்பனை. “லண்டன்ல இதுக்கு நல்ல விலை அத்தான். கப்பல்ல போட்டா?”

போட முடியாது, லேசில். 1945 ஜனவரி 1க்கு முன் இலங்கையில் முதலில் பதிவான பயணிகள் வாகனத்தை ஏற்றுமதி செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். யானைத் தந்தம் இருக்கிற அதே பட்டியலில்தான் இதுவும் இருக்கிறது. துரை போகலாம், கார் போகக் கூடாது.

“எவ்வளவு சொல்றாரு?” என்று அத்தை அப்போதுதான் கேட்டார். 55 லட்சம் என்றோம். 2024இல் கூட்டிய தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு நாள் சம்பளத்துக்குத் தோட்டத்தில் ஒரு பேர் என்று சொல்வார்கள். அத்தை ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி. கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டால் அங்கேயே கண்டுபிடித்துச் சண்டைக்கு நின்றவர். வாய்க்குள் முணுமுணுத்தார்.

“நாலாயிரத்து எழுவத்துநாலு பேரு.”

மச்சான் காதில் வாங்காமல் காரைக் கிளப்பும் ஹேண்டிலைப் பிடித்துவிட்டான். பாஸ் ஓடிவந்து அவன் கட்டைவிரலைப் பிரித்தார். ஹேண்டிலைச் சுற்றி மடிக்கக் கூடாதாம்; மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டுமாம். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அவன் இழுத்தான். கார் ஒருமுறை தும்மியது. மறுபடி இழுத்தான். தும்மலும் நின்றுபோனது.

“கொஞ்சம் தள்ளுனா பிடிச்சிரும் சேர்,” என்றார் முதலாளி. தள்ள ஆள் பார்த்துத் திரும்பினால், அத்தை பின்சீட்டில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

“அம்மா, எறங்குங்க. பாரம்.”

“எங்கப்பா தள்ளுனப்ப துரைசாணி எறங்குனாளா?”

ஹாலிஎல தெருவில் நானும் மச்சானும் பாஸும் குனிந்து தள்ளினோம். முதலாளி பக்கத்தில் நடந்தபடியே இரண்டு லட்சம் குறைக்கலாம் என்றார்.

“நூத்தி நாப்பத்தெட்டு பேரு,” என்றார் அத்தை, உள்ளேயிருந்து. “இன்னும் கொற.”