செவ்வாயில் உருளைக்கிழங்கு

ஆண்டி வேர் 'தி மார்ஷியன்' நாவலை முதலில் தன் இணையதளத்தில்தான் இலவசமாகப் போட்டார். கணக்குப் பிழைகளைக் கண்டுபிடித்து வாசகர்கள் எழுத, அவரும் திருத்தினார். பிழையைக் கண்டுபிடித்தவன் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காமல் இருப்பானா? 2014-ல் பெரிய பதிப்பகமே அதை வெளியிட்டது. செவ்வாயில் மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு பயிரிடும் கதாநாயகன் எதையும் ரிப்பேர் பார்க்கிறவன்; காதலித்து நேரத்தை வீணாக்குவதில்லை. இணையத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் இன்ஜினியர்கள். வேறென்ன வேண்டும்?

நம்மவர்கள் வேறு ரகம். எண்பதுகளில் விகடனில் சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினார். சர்வாதிகாரம், பிள்ளை பெறக்கூட அரசு அனுமதி என்றெல்லாம் எச்சரித்தார். நாம் நினைவில் வைத்திருப்பது ஜீனோ என்ற இயந்திர நாயை.

மீனவ ஊரான ஜெகதாப்பட்டினத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையேறிய விசைப்படகின் நிழலில் வலையின் கிழிசலைக் கோத்தபடியே ஒரு பட்டதாரித் தம்பி செவ்வாய்க் கதையை செல்போனில் படித்து முடித்துவிட்டான். அவனுக்கு ஒரே சந்தேகம்: "செவ்வாயில மாட்டுனவனுக்கு ராக்கெட் வருது. நடுக்கடல்ல இன்ஜின் நின்னு எல்லை தாண்டிட்டா, நமக்கு டெல்லிக்குக் கடுதாசிதானே போகுது?"