பெட்டிசக்காரன்

எங்கள் ஒழுங்கைக்குப் போன் ரவர் வரப்போகிறது என்ற கதை அரியாலையில் கிளம்பியதும் எதிர்ப்புப் பெட்டிசம் எழுதியவன் நான். சனங்களின் ஆரோக்கியம், பிள்ளைகளின் எதிர்காலம், குருவிகளின் அழிவு என்று இரண்டு பக்கத்துக்கு நெஞ்சுருக எழுதினேன். அதே ரவருக்கு என் பின்வளவை வாடகைக்குக் கொடுக்க முதலில் ஓடியதும் நான்தான் என்பதை மட்டும், இடம் போதாமையால் சேர்க்கவில்லை.

தரகர் கூட்டிவந்த பெடியன் தென்னைகளை அண்ணாந்து பார்த்தான். ஒழுங்கையின் அகலத்தை அளந்தான். "ஐயா, லொறி திரும்பாது" என்றுவிட்டுப் போய்விட்டான். வரப்போகும் வாடகையில் நான் அதற்குள் மதில் கட்டி, கூரையும் மாற்றி முடித்திருந்தேன். முடக்கு வளவுக்காரருக்கு அந்த யோகம் அடித்ததாகக் கேள்விப்பட்ட இரவில்தான் எனக்குக் கதிர்வீச்சுப் பயம் பிடித்தது.

பயம் வந்தபின் ஆதாரத்துக்கா பஞ்சம்? 2019 ஜூலையில் யாழ்ப்பாண நகரில் நடந்த போராட்டம் கைகொடுத்தது. வீதியோரம் நட்ட கம்பங்களை 5ஜி ரவர் என்று சனம் எதிர்த்தது. அவை ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் என்று அப்போதைய மாநகர முதல்வர் இம்மானுவல் ஆனல்ட் விளக்கினார். நாட்டில் அன்று 5ஜி சேவை விற்பனைக்கே வந்திருக்கவில்லை. இதில் சனம் எதிர்த்த பகுதி மட்டும் என் பெட்டிசத்தில் ஏறியது.

"உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்றும் ஒரு வரி போட்டிருந்தேன். விஞ்ஞானம் படித்த மருமகள் அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் போனும் ரவரும் விடும் ரேடியோ அலைகளை '2பி' வகுப்பில் சேர்த்தது உண்மைதானாம். புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் உறுதியான சான்று இல்லை என்பவை சேரும் வகுப்பு அது. "மாமா, முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே வகுப்பிலைதான் இருக்கு." சீனி வருத்தத்துக்கு நான் விடிய எழும்பிக் குடிப்பது அதைத்தான். பெட்டிசத்தையும் விடவில்லை, சாற்றையும் விடவில்லை.

வீடுகளிலிருந்து 300 மீற்றருக்குள் ரவர் கூடாது என்று கேட்டிருந்தேன். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று மருமகள் கேட்டாள். முடக்கு வளவு என் படலையிலிருந்து ஏறத்தாழ 250 மீற்றர். என் ஆராய்ச்சி அவ்வளவுதான். சர்வதேச எல்லை தூரத்தில் இல்லை, அலையின் வலுவில் இருக்கிறது என்றாள்: 900 மெகாஹேட்ஸ் அலைக்குச் சதுர மீற்றருக்கு 4.5 வாட். இந்தியா 2012இல் அதைப் பத்திலொன்றாகக் குறைத்தது. ரவர் தள்ளிப்போகப் போக, கையிலுள்ள போன்தான் வலுவைக் கூட்டும். சிக்னல் தேடிக் கிணற்றடியில் நான் போனைக் காதோடு ஒட்டிக் கத்தும்போது, அதுவும் தன்பாட்டில் ரவரை நோக்கிக் கத்திக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் கேட்டபிறகும் பெட்டிசத்தைக் கொண்டுபோனேன். அரியாலையில் ஒரு பகுதி மாநகர சபைக்குள், மறுபகுதி நல்லூர் பிரதேச சபைக்குள். நான் எங்கள் ஒழுங்கைக்குச் சம்பந்தமில்லாத கந்தோரில் வரிசையில் நின்றேன். சரியான கந்தோருக்குப் போனபிறகுதான் மற்றது விளங்கியது. உள்ளூர்ச் சபை பார்ப்பது கட்டடத்தை. 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் அதிகாரம் அது. அலைவரிசையைப் பார்ப்பது 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கட்டடம் பார்க்கும் கந்தோருக்கு நான் எழுதிய இரண்டு பக்கமும் கதிர்வீச்சு.

அங்கே கேட்டிருக்க வேண்டியவை வேறு. வேலியிலிருந்து அத்திவாரம் எவ்வளவு தூரம்? புயலுக்குத் தாங்குமா? ஜெனரேற்றர் இரவில் இரையுமா? வரைபடத்தை யார் பார்க்கலாம்? அயலாருக்கு முன்கூட்டியே அறிவித்தார்களா? கடைசிக் கேள்விக்கு உரிமையுள்ளவர்கள் நாங்கள் எல்லோரும். ஆனால் என் வளவைப் பார்க்க ஆள் வந்தபோது நான் அயலாரில் ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை.

பக்கத்து வீட்டு மாமிக்கு இதெல்லாம் எப்படியோ தெரிந்துவிட்டது. "தம்பி, திருத்தி எழுதிக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறன். உன்ரை வாடகைக் கதையையும் மறக்காமல் போடு" என்றார்.

திருத்திய பெட்டிசத்தை இன்னும் எழுதவில்லை. இம்முறையும் இடம் போதாது போலிருக்கிறது.