தலைப்பு மட்டும் தயார்

பணி ஓய்வு பெற்ற கணவன் செய்யக் கூடாதவை என்று என் மனைவி மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். அடுக்களையில் ஆலோசனை சொல்வது, பதினொரு மணிக்கு மூன்றாவது காப்பி கேட்பது, காய்கறி வண்டிக்காரரை நிறுத்தி வைத்து அரசியல் பேசுவது எல்லாம் அதில் முன்பே உண்டு. புதிதாக ஏறியிருப்பது வலைப்பதிவு.

எழுதுவதைச் சொல்லவில்லை, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுதப் புகுமுன் பிறர் எப்படியெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? அந்த ஆராய்ச்சியில் இருக்கிறேன். ஆராய்ச்சி என்ற சொல்லை வீட்டில் நான் மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

எங்கள் வீடு திருவனந்தபுரத்துத் தம்பானூரில், பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில். ஒரு பக்கம் ரயில் நிலையம், எதிரே பஸ் நிலையம். உலகமே வாசலில் இறங்கி ஏறுகிறது. பெரிய மழை பெய்தால் முட்டளவு தண்ணீர். அதை வடிய வைக்க 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெயர் சூட்டி ஓடைகளைத் தோண்டினார்கள். வாசலில் நின்றால் பெட்டியோடு வருகிற ஒருவராவது, “நாகர்கோவில் பஸ் எங்க நிக்கும்?” என்று கேட்பார். இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவனுக்கு விஷயப் பஞ்சமா என்பீர்கள். இதெல்லாம் தினமும் நடப்பது. இதில் எழுத என்ன இருக்கிறது?

பெங்களூரில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: “அப்பா, சமையலா, பயணமா, சினிமாவான்னு முதல்ல ஒண்ணை முடிவு பண்ணுங்க. எல்லாத்தையும் பத்தி எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க.” ஒன்றைப் பற்றி மட்டும் எழுதினால் படிப்பார்கள் என்று அவள் சொல்லவே இல்லை.

சமையலில் தொடங்கினேன். நியூயார்க்கில் ஜூலி பவல் என்று ஒரு பெண்மணி அலுவலக வேலையில் சலித்துப்போய், 2002-இல் ஜூலியா சைல்டின் பிரெஞ்சு சமையல் புத்தகத்தில் இருந்த 524 குறிப்புகளையும் ஓர் ஆண்டில் சமைத்து முடிப்பதாகச் சபதம் செய்து, நாள்தோறும் நடந்ததை வலைப்பதிவில் எழுதினார். 2005-இல் அது புத்தகமாயிற்று. 2009-இல் மெரில் ஸ்ட்ரீப் நடித்துச் சினிமாவும் வந்துவிட்டது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வேஷத்தில் யாரைப் போடுவது என்பதிலேயே விடிந்துவிட்டது.

நம்மவர்களின் சமையல் பதிவுகளையும் புரட்டினேன். அடிக்கு ஒரு படம். ‘கடாயில் எண்ணெய் ஊற்றவும்’ என்று ஒரு படம். ‘எண்ணெய் காய்ந்ததும்’ என்று இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் எழுதியவருக்கும் எண்ணெய்க்கும்தான் தெரியும். இதையாவது நம்மால் செய்ய முடியும் என்று செல்போனோடு அடுக்களைக்குள் நுழைந்தேன்.

அன்றைக்கு உள்ளித் தீயல். தேங்காய்த் துருவலைக் கொத்தமல்லி, வற்றலோடு போட்டு வறுக்க வேண்டும். வெள்ளை பொன்னிறமாகி, பொன்னிறம் கறுத்த தவிட்டு நிறமாகும்போது, வாசனை கூடத்துக்கு வந்துவிடும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். அதற்கும் கரிக்கும் நடுவே இரண்டு கிளறல்தான். நான் அந்த நொடியில்தான், “கரண்டியை அப்படியே பிடி, கை ஆடுது” என்றேன்.

“நான் நிக்கேன். தேங்கா நிக்குமா?”

மதியம் மோர்க்குழம்பு.

பயணப் பதிவுகள் பக்கம் போனேன். அங்கே துளசி கோபால் ஒரு தனி ராஜ்ஜியம். நியூசிலாந்தில் இருந்துகொண்டு 2004 முதல் ‘துளசிதள’த்தில் எழுதுகிறவர். கோயில் கோயிலாகப் போவார். கோபுரத்தைச் சொல்கிற அதே அக்கறையோடு தங்கின அறையையும், சாப்பிட்ட இட்லியையும், வழியில் பார்த்த யானையையும் பூனையையும் சொல்வார். படித்து முடித்ததும் கால் வலிக்கும். நாம் நடந்தது போலவே. எனக்கு ஆசை வந்தது. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. 4,000 கிலோமீட்டருக்கும் மேல், இந்தியாவிலேயே நெடுந்தூர ரயில். அது போகிற சத்தம் எங்கள் படுக்கையறைக்குக் கேட்கும். ஆனால் நான் போன பயணங்களை எழுதிப் பார்த்தேன்: நாகர்கோவில், கல்யாணம், சுசீந்திரம், தரிசனம், மறுபடி நாகர்கோவில், அடியந்திரம். அதற்கு மேல் நீளவில்லை.

பக்கத்து வீட்டுச் சேட்டன் மலையாள வலைப்பதிவுகளைப் படிக்கச் சொன்னார். ‘விசால மனஸ்கன்’ என்ற பெயரில் ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே, திருச்சூர்ப் பக்கத்துக் கொடகர என்ற தன் ஊரின் ஆட்களையும் மாடுகளையும் வைத்து ‘கொடகரபுராணம்’ எழுதினார். விழுந்து விழுந்து சிரிக்கலாம். பின்னால் புத்தகமாகவும் வந்தது. இங்கேதான் எனக்கு ஓர் உண்மை பிடிபட்டது. நன்றாக எழுதியவர்கள் பலரும் ஊரை விட்டுத் தொலைவில் இருக்கிறார்கள். என்னிடம் உள்ள ஒரே குறை, நான் ஊரிலேயே இருப்பது. இதை மனைவியிடம் சொன்னேன். “போயிட்டு வாங்களேன், யாரு பிடிச்சு வச்சிருக்கா?” என்றாள். சற்று அதிக உற்சாகத்தோடு சொன்னதாகப் பட்டது.

சினிமா விமர்சனம் எனக்கு ஏற்ற துறை. தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா ஒரே வளாகத்தில் இருக்கின்றன; வேறு கொட்டகைகளும் நடக்கிற தூரம்தான். இடைவேளை பஃப்ஸ் தின்றதும் எனக்குக் கண் சொருகிவிடும். அது தடையே இல்லை. நான் படித்த விமர்சனங்களில் பாதிக்கு மேல் ‘இரண்டாம் பாதியில் தொய்வு’ என்றுதான் முடிகின்றன. மற்றவர்கள் ஊகமாகச் சொல்கிறார்களோ என்னவோ, நான் அதை அனுபவித்துச் சொல்லக்கூடியவன்.

கேபிள் சங்கர் தம் வலைப்பதிவில் சினிமாவோடு ‘சாப்பாட்டுக்கடை’ என்றொரு பகுதியும் எழுதிவந்தார். அதைப் படித்த வேகத்தில் இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது உண்டா என்று தேடியபோது, ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ கண்ணில் பட்டது. 2011-இல் அவருடைய இணையதளத்தில் வெளிவந்து, பிறகு ‘அறம்’ தொகுப்பில் சேர்ந்த கதை. கெத்தேல் சாகிபு என்பவரின் சாப்பாட்டுக்கடை. சாப்பிட்டவர்கள் தங்களால் முடிந்ததை உண்டியலில் போட்டுவிட்டுப் போகலாம், போடாமலும் போகலாம், அவர் பார்க்கவே மாட்டார். கதை நடக்கிற சாலை பஜார் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தத் தெருவில் நான் வருஷக்கணக்காகப் பை தூக்கி நடந்திருக்கிறேன். நான் கவனித்ததெல்லாம் உள்ளி விலை.

அதே தெருவில் ஆ. மாதவன் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதினார். சுமடு தூக்குகிறவர், சில்லறைத் திருடர், வேலையில்லாமல் சுற்றுகிறவர் என்று கடை முன்னால் போகிறவர்கள் எல்லாரும் கதைக்குள் போய்விட்டார்கள். 2015-இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. வலைப்பதிவு, செல்போன், மகளின் ஆலோசனை எதுவும் இல்லாமல் நடந்த காரியம் இது. உற்சாகமாக மனைவியிடம் போய், “பாத்தியா, கடையில உக்காந்துக்கிட்டே எழுதியிருக்கார்” என்றேன்.

“அவரு கடை நடத்தினாரு. உங்களைக் கடைக்குப் போகச் சொன்னாலே சாயந்தரம் ஆயிருது.”

இலக்கியப் பக்கம் இன்னும் கொஞ்ச தூரம் போயிருப்பேன். அதே ஜெயமோகன் 2014 ஜனவரியில் ‘வெண்முரசு’ என்று மகாபாரதத்தைத் தொடங்கி, நாள்தோறும் ஓர் அத்தியாயமாக 2020 ஜூலை வரை, 26 நாவல்கள் எழுதி முடித்திருக்கிறார் என்று பார்த்ததும் கணினியை மூடிவைத்தேன். அத்தனை வருஷம் நான் விடாமல் செய்த ஒரே காரியம் பால் பாக்கெட் வாங்கியது. அதிலும் ஹர்த்தால் நாட்கள் விடுமுறை.

தளர்ந்திருந்தவனைத் தூக்கி நிறுத்தியவை ‘வலைப்பதிவு எழுதுவது எப்படி’ என்று சொல்லித்தரும் வலைப்பதிவுகள். உலகத்தில் மிக அதிகமாக எழுதப்பட்டிருப்பது இந்த வகைதான் போலும். எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாதவர்கள் அதைப் பற்றியே எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்னபடி முதலில் பக்கத்தை அலங்கரித்தேன். மேலே ஓடும் எழுத்து, ஓரத்தில் கடிகாரம், கீழே வருகையாளர் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே இருந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. “நீங்க திறந்து பாக்குறதையும் அது எண்ணுதுப்பா” என்று மகள் சொன்ன பிறகு பெருமை கொஞ்சம் இறங்கியது, எண்ணிக்கை இறங்கவில்லை.

‘வீட்டில் வராத கற்பனை காப்பிக்கடையில் வரும்’ என்றது இன்னொரு குறிப்பு. இதற்குத் தம்பானூரை விட்டால் வேறு இடம் ஏது? பஸ் நிலையத்தருகே லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ், சுருள் சுருளாக மேலே ஏறுகிற செங்கல் கோபுரம். மாடிப்படி என்று தனியாக இல்லை. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி ஏறும். வெளிச்சுவரை ஒட்டிக் கட்டியே விட்ட மேசையும் பெஞ்சும். சுவரின் ஓட்டைகள் வழியே காற்றும் வெளிச்சமும். நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். கீழ்ச்சுற்றில் கூட்டம். நடுச்சுற்றில் பெரிய வாக்குவாதம். மேலே போகப் போக அமைதி கூடியது, உச்சிக்குப் போய்விட்டேன். அங்கே எழுத்தைத் தவிர எல்லாம் வந்தது. விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் அவ்வளவு உயரம் ஏறிவந்து, பீட்ரூட் சிவப்பில் மசாலா தோசையும் காப்பியும் வைத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தார். “பில் எழுதானோ சாரே?” என்றார். பக்கத்தில் தேதியும் தலைப்பும் மட்டும் இருந்தன.

இத்தனை மேய்ச்சலில் நான் அதிகம் நின்றது, ஆளே இல்லாத பதிவுகளில். தமிழில் வலைப்பதிவுகள் முளைத்தது 2003 வாக்கில். எ-கலப்பை என்ற மென்பொருளில் தமிழ் தட்டச்சக் கற்றுக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். 2004-இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்க, எல்லாப் பதிவுகளும் ஒரே முற்றத்தில் வந்து விழுந்தன. என்ன கலகலப்பு! பதிவு போட்ட நிமிஷத்தில் முதல் பின்னூட்டக்காரர் ‘வடை எனக்கே’ என்று துண்டு போட்டுவிட்டுப் போவார். படித்தாரா என்பது வேறு விஷயம். அனானிகள் சண்டை போடுவார்கள்; சண்டை போட்டவர்களே பதிவர் சந்திப்பில் கூடிப் போண்டா தின்பார்கள். பிறகு முகநூல் வந்தது, கூட்டம் அந்தப் பக்கம் இடம்பெயர்ந்தது.

அப்படி நின்றுபோன பதிவுகளைத் திறந்தால் கடைசி இடுகை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. ‘நீண்ட நாட்களாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இனி வாரம் ஒருமுறை கட்டாயம் எழுதுவேன்.’ தேதியைப் பார்த்தால் 2011, 2012. அதன் கீழே ஒரே ஒரு பின்னூட்டம்: ‘வாங்க வாங்க, காத்திருக்கிறோம்.’ தன் பிள்ளையின் முதல் பல்லை எழுதிய அம்மா, ஊர்க் கொடையை நாள்வாரியாக எழுதியவர், பாட்டியின் கைப்பக்குவத்தை அளவு தெரியாமல் ‘ஒரு கை’ என்றே எழுதியவர் என்று எத்தனை பேர்! எந்தப் பத்திரிகையும் வாங்கிப் போட்டிருக்காது. ராத்திரி ஒரு மணி வரை படித்துக்கொண்டிருக்கிறேன். இவற்றில் சமையல், பயணம், சினிமா என்று ஒன்றை முடிவு பண்ணி எழுதியவர்களைத் தேடினேன்; அதிகம் பேர் இல்லை. மகளிடம் சொல்லவில்லை.

அதனால் உங்களில் யாருக்காவது கைவிட்ட வலைப்பதிவு ஒன்று இருந்தால் ஒரு விண்ணப்பம். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கிற கணக்குகளை நீக்கலாம் என்று கூகிள் 2023-இல் அறிவித்திருக்கிறது. கடவுச்சொல்லைத் தேடியெடுத்து ஒருமுறை உள்ளே போய்விட்டு வாருங்கள். முடிந்தால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். புதிதாக எதுவும் எழுத வேண்டாம். நான் இன்னும் பழையதையே படித்து முடிக்கவில்லை.